ஒன்றாம் நம்பர் சங்கு

பேய்க் கதை என்றால் நடுநிசி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. புதுச்சேரி உப்பளத்தில், மொட்டை மாடியில் துணி காய்கிற நேரத்தில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. நடந்தது என் நண்பன் அஸாருதீனுக்கு. அவன் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு நான் எழுதவில்லை. பாதியை என் கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு வரி என் வீட்டுக்குள்ளேயே வந்து போனது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு அந்த வசதி இல்லை.

அஸாருக்கு முப்பத்து நான்கு வயது. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அவன் அத்தா என்று கூப்பிடுகிற அப்பா அக்பர் அலி முப்பது வருடம் பஞ்சாலையில் உழைத்தவர். ஆலையை மூடிய பிறகும் பஞ்சுத் தூசி அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. கடைசி இரண்டு வருடம் கட்டில், தலைமாட்டில் ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் குழாய். மெஷின் யாரோ வைத்திருந்து விற்ற பழையது. கரண்ட் போனால் இந்த மாதிரி மெஷின் தானாகவே கத்த வேண்டும். இது கத்தாது. ஊமையாகத்தான் வந்து சேர்ந்தது.

அதற்காக அஸார் ஒரு சின்ன போர்டு செய்தான். உள்ளங்கை அளவு. கரண்ட் போனால் அதிலிருக்கும் பேட்டரி ஒரு பஸ்ஸரை அலறவைக்கும். வீட்டில் இருக்கிறவர்கள் ஓடிவந்து குழாயைச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான். அத்தா அதற்கு ‘சங்கு’ என்று பெயர் வைத்தார். ஆலைச் சங்கு ஊதித்தானே முப்பது வருடம் அவர் எழுந்ததும் படுத்ததும். நோயாளி வீட்டில் ஊதுகிற சங்கா என்று நான் கிண்டல் செய்தபோது, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

அஸார் அதைப் பூட்டிவைத்துக்கொள்ளவில்லை. வரைபடம், போர்டு அமைப்பு, என்னென்ன பாகம், எந்தக் கடையில் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு பக்கத்தில் போட்டுவிட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருந்த பதினொரு பேர் எடுத்துச் செய்தோம். வெற்றி என்கிற நானும் ஒருவன். என் அம்மாவுக்காக. என்னுடையது நான்காம் நம்பர்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. போர்டில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. தினமும் அதை அழுத்திப் பார்த்து, போர்டு நம்பர், நேரம், சத்தம் வந்ததா என்று மூன்றையும் எழுத வேண்டும். நாங்கள் எல்லாம் இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்று நாளைக்கு ஒருமுறை எழுதுகிற ரகம். தவறாமல் எழுதியவர் அக்பர் அலி ஒருவர்தான். மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, படுக்கும் முன் அழுத்துவார். ஒற்றை விரலால் போனில் தட்டுவார்.

‘1. 2.10. வந்தது.’

மழை நாளிலும், ஜுரம் வந்த நாளிலும் அதே வரி. அவர் வரி வந்துவிட்டால் மணி இரண்டு பத்து என்று தெரிந்துகொள்வேன்.

முதல் போர்டு நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்று தடவை கரண்ட் போய், மூன்று தடவையும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. பிறகு எங்களில் சிலர், வீட்டிலேயே செய்துகொள்ள எளிதாக இருந்தால் நல்லது என்றோம். அஸார் போர்டை மாற்றி வரைந்தான். இரண்டாம் வடிவம். அதில் ஒரு டையோடை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினான். நகர்த்தும்போது அது திரும்பிக்கொண்டது. அவன் கவனிக்கவில்லை. டையோடு என்பது ஒரு வழிச் சாலை மாதிரி, கரண்டை ஒரு பக்கமாகத்தான் விடும். திரும்பிவிட்டால், கரண்ட் இருக்கும்போது பட்டனை அழுத்தினால் சத்தம் வரும். கரண்ட் போனால் வராது. எதற்காகச் செய்தோமோ அதற்கு மட்டும் உதவாது.

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் ஒரே நொடியில் தெரிந்திருக்கும். மெஷினும் சங்கும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இருந்தன. அந்தப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினால் மெஷினும் நின்றுவிடும்.

புது போர்டை மாட்டிய அன்று அத்தாவே கேட்டிருக்கிறார். “புடுங்கிப் பாருடா. ஒரு நிமிசம்தானே.”

“வேணாம்த்தா. பட்டன் அழுத்துனா போதும்.”

“நான் தாங்குவேன்டா.”

“வேணாம்னு சொல்றேன்ல.”

அத்தாவின் மூச்சை ஒரு நிமிடம் நிறுத்த மகனுக்கு மனம் வரவில்லை. சிலிண்டருக்கு மாற்றிவிட்டுப் பிடுங்கியிருக்கலாம், அதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. பட்டனை அழுத்தினான், கத்தியது. இணையப் பக்கத்தில் ‘சோதித்தாயிற்று’ என்று எழுதிவிட்டான். தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நானூறு போர்டு சோதிப்பவன், ஒன்றைக்கூடப் பார்க்காமல் விடமாட்டான். வீட்டுப் போர்டில் விட்டான். இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மறைக்கவில்லை.

அவன் எழுதியதை நம்பி நாங்கள் பதினொரு பேரும் புது போர்டுக்கு மாறினோம். எட்டு நாள் போனது. ஒன்பதாம் நம்பர்க்காரர் அனைஸ் என்ற பெண். இதே ஊர்தான். அப்பா ஆலேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், அவருக்கும் நெஞ்சு சரியில்லை. அந்தத் திங்கட்கிழமை அனைஸ் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டாள். ‘கரண்ட் போனா புது போர்டு கத்துதா? யாராவது பிளக்கைப் புடுங்கிப் பார்த்தீங்களா?’

நான் அதைப் பார்த்தேன். நாளைக்குப் பதில் எழுதலாம் என்று விட்டுவிட்டேன். எல்லோரும் விட்டுவிட்டார்கள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மார்ச் மாதம். அஸார் சேதராப்பட்டில் இருந்தான். அவன் அம்மா கனீஸ் பாத்திமா மாடியில் துணி உலர்த்தப் போனார். திரும்பி வந்தபோது அக்பர் அலி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தார். உயிர் இல்லை. பக்கத்து வீட்டார் வந்து பார்த்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அஸார் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 4.45. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனவன் முதலில் பார்த்தது அத்தாவின் முகத்தை அல்ல. அவனே சொன்னான். தலைமாட்டில், அதே ஜங்ஷன் பாக்ஸில் செருகிய ஒரு பிளக் கடிகாரம் உண்டு, சிவப்பு எண் காட்டுகிறது. கரண்ட் போய் வந்தால் பன்னிரண்டிலிருந்து மறுபடி ஓடும். அது 1.31 காட்டிக்கொண்டிருந்தது.

அவன் மனம் தானாகவே கணக்குப் போட்டது. 3.14க்குக் கரண்ட் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் போயிருக்கிறது. எப்போது போனது என்று தெரியாது. சங்கு கத்தியிருந்தால் மாடியில் அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

தூக்கத்திலேயே போயிட்டாரு, நல்ல மௌத்து என்றார்கள் வந்தவர்கள். அஸார் தலையாட்டினான். அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு அடக்கம். மறுநாள் காலை ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தான். டையோடு தலைகீழாக இருந்தது. போர்டைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போனான். சுற்றுலாக்காரர்கள் படகுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். துறையின் ஓரமாகப் போய் உப்பங்கழியில் விட்டெறிந்தான். பக்கவாட்டில் அத்தா ஸ்கெட்ச் பேனாவால் போட்ட ‘1’ ஒருமுறை தெரிந்தது. பிறகு தண்ணீர்.

அவன் அழவில்லை. பல்லைப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்ததாம் உடம்பு முழுக்க. கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை.

இணையத்தில் அந்தத் தப்பான வரைபடம் அப்படியே இருந்தது. அதைத் திருத்த இரண்டு நிமிடம் போதும். ஆனால் அங்கே எதைத் திருத்தினாலும், எதை, ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியை எழுதினால் அத்தாவைக் கொன்றது யார் என்று அம்மா வரைக்கும் தெரிந்துவிடும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆயிற்று. எங்களில் பலர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் யாருக்கும் தப்பு தெரியவில்லை. பதினொரு கட்டிலுக்குத் தலைமாட்டில் பதினொரு ஊமைகள் தொங்கின. ஒன்று என் அம்மாவின் தலைமாட்டில்.

சனிக்கிழமை நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினார்கள். நாற்பது நாள் இறந்தவரின் ரூஹு வீட்டைச் சுற்றி வரும், பிறகு போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல், இணையப் பக்கத்தில் ஒரு வரி வந்தது.

‘1. 2.52. வரவில்லை.’

எழுதியவர் பெயர், அக்பர் அலி.

நான் உடனே அஸாரைக் கூப்பிட்டேன். “அத்தா கணக்குல யாருடா எழுதுறது?”

“சொந்தக்காரப் பசங்க வெளையாடியிருக்கும், வெற்றி. அழிச்சிடறேன்.”

போனை வைத்துவிட்டு அவன் பீரோவைத் திறந்திருக்கிறான். அத்தாவின் போன் துணிக்கு அடியில் இருந்தது. அணைந்து கிடந்தது. சிம் கார்டை அவனே கழற்றி வைத்திருந்தான். சார்ஜ் போட்டுத் திறந்து பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. துணிக்கு அடியிலேயே திரும்ப வைத்தான்.

திங்கட்கிழமை. ‘1. 2.52. வரவில்லை.’

அவன் கடவுச்சொல்லை மாற்றினான்.

செவ்வாய். ‘1. 2.52. வரவில்லை.’

அத்தாவின் கணக்கையே நீக்கினான்.

புதன். ‘1. 2.52. வரவில்லை.’ இந்தத் தடவை எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அப்படி ஒரு வரி அந்தப் பக்கத்தில் வரவே வழியில்லை. நானே பார்த்தேன்.

ஒரு விஷயம் அஸாரைத் துளைத்தது. 2.10 என்றால் புரியும், அது அத்தாவின் நேரம். 3.14 என்றாலும் புரியும். இந்த 2.52 என்ன? அது யாருக்கும் தெரியாத நேரம். அவனுக்கே தெரியாது.

வியாழக்கிழமை சாப்பாடு போடும்போது அம்மா கேட்டார். கணவர் இறந்ததால் அவர் இத்தா இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டுவதில்லை. வீட்டில் ஒரு ஈ பறந்தாலும் அவருக்குத் தெரியும்.

“அந்த ரூம்ல எலி இருக்குதாடா?”

“ஏம்மா?”

“மத்தியானம் டிக்குன்னு ஒரு சத்தம் வருது. அத்தா பட்டன் அழுத்துற மாதிரியே. ரெண்டு பத்துக்கு.” சோற்றைக் கிளறியபடியே சொன்னார். “அப்புறம் சத்தம் வருமேன்னு பாக்குறேன். வரல.”

அஸார் தட்டைத் தள்ளிவைத்தான். பயம் இல்லை என்கிறான். பயப்படக்கூட உள்ளே ஏதாவது உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா. மறுநாள் வெள்ளிக்கிழமை லீவு போட்டான். ஜும்ஆ தொழுதுவிட்டு நேராக வந்து அத்தாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மணி 2.03.

வெளியே மே மாத வெயில். கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. மெஷின்மேல் பழைய போர்வை. அதன் ஒயர் சுற்றிக் கட்டியிருந்தது, எதிலும் செருகப்படவில்லை. சுவரோரம் ஜங்ஷன் பாக்ஸ். பட்டன் இருந்த இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை. உள்ளே ஒன்றும் கிடையாது. அதுதான் நோணாங்குப்பத்தில் கிடக்கிறதே.

பாக்ஸுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. தொட்டு மோந்து பார்த்தான். உப்பங்கழிச் சேற்று வாடை.

துடைத்தான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

2.10.

டிக்.

ஓட்டைக்குள்ளிருந்துதான். சந்தேகமே இல்லை. இரண்டடி தூரத்தில்.

அவன் எழுந்திருக்கவில்லை. காத்திருந்தான். எதற்கு என்று தெரியாமல் காத்திருந்தான். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து நின்றது. தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

2.31க்கு இன்னொரு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

உஸ்... உஸ்...

உதட்டைக் குவித்து ஊதி விடுகிற மூச்சு. அத்தாவுக்கு மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த மூச்சு. இழுக்க இரண்டு, விட நான்கு. இரண்டு வருடம் அவன் கேட்டுக்கொண்டே தூங்கிய சத்தம்.

“அத்தா,” என்றான்.

மூச்சு அதே கணக்கில் தொடர்ந்தது.

உஸ்... உஸ்...

2.44. சுருட்டிய பாய் கொஞ்சம் அழுந்தியது.

2.49. கட்டிலின் ஓரம் கிறீச்சிட்டது. யாரோ தரையை நோக்கிக் குனிகிற மாதிரி.

மூச்சு வேகமானது.

இழுக்க ஒன்று.

விட ஒன்று.

2.52.

நின்றது.

எல்லாமே நின்றது. குக்கர் இல்லை, தெரு இல்லை, காக்கை இல்லை.

அவன் கையில் இருந்த போன் அதிர்ந்தது.

‘1. 2.52. வரவில்லை.’

எழுதியவர் பெயர் இல்லை.

மறுபடி அதிர்ந்தது.

‘9’

அவ்வளவுதான். வெறும் எண்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் எழுத்தாக வளர்ந்தது. ஒற்றை விரலால் தட்டுகிற வேகத்தில்.

‘9. 2’

‘9. 2.52’

‘9. 2.52. வர...’

அஸார் அனைஸைக் கூப்பிட்டான். ஐந்து தடவை அடித்தது.

“அலோ?”

“ஒங்க வீட்ல கரண்ட் இருக்கா?”

“யாரு, அஸாரா? இல்ல, இப்பதான் போச்சு. மெஷினுக்குத் தனி இன்வெர்ட்டர் இருக்கு. அது நின்னா சங்கு கத்துமே.”

“கத்தாது. ஓடுங்க. சிலிண்டர மாத்துங்க.”

“என்னது?”

“ஓடுங்க.”

போனைக் கீழே போட்ட சத்தம். செருப்பில்லாத கால் ஓடுகிற சத்தம். தூரத்தில் அவள் குரல்... “பப்பா... பப்பா...” இரும்புச் சிலிண்டரை இழுக்கிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அஸார் போனைக் காதோடு வைத்து நின்றான். அவனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஐம்பது நாளில் முதல் தடவை.

2.58க்கு அவள் திரும்பி வந்தாள். மூச்சு இரைத்தது. “ஒதடு நீலமா இருந்துச்சு. இப்ப கண்ணத் தொறந்துட்டாரு. இன்வெர்ட்டர் செத்துப்போச்சு, எப்பன்னே தெரியல.” அப்புறம் கேட்டாள். “சங்கு ஏன் கத்தல?”

அவன் சொல்லிவிட்டான். “டையோடு தலைகீழா இருக்கு. என் தப்பு. தெரிஞ்சும் சொல்லல. எங்க அத்தா செத்ததே அதாலதான்.”

சொல்லி முடித்துத் திரும்பினான். கதவு திறந்திருந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

3.40க்கு அஸார் இணையப் பக்கத்தில் எழுதினான். ‘இரண்டாம் வடிவம் தப்பு. கரண்ட் போனால் கத்தாது. சோதித்ததாக நான் எழுதியது பொய். என் அத்தா இதனால் இறந்தார். இப்போதே எல்லோரும் டையோடைத் திருப்பிப் போடுங்கள்.’ கூடவே திருத்திய வரைபடம்.

படித்ததும் நான் அவனைக் கூப்பிட்டுத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஐம்பது நாள் என் அம்மா அந்த ஊமைக்குக் கீழே தூங்கியிருக்கிறாள். திட்டத் திட்ட அவன் ‘ஆமா’ என்றான். அதைத் தவிர வேறு சொல்லவில்லை. போனைத் துண்டித்துவிட்டு சால்டரிங் அயர்னைச் சூடேற்றினேன்.

வேலை முடிந்ததும் அம்மாவைச் சிலிண்டருக்கு மாற்றினேன். பிளக்கைப் பிடுங்கினேன். சங்கு அலறியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று வாசலுக்கே வந்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, எழுதுவதற்காகப் பக்கத்தைத் திறந்தேன். மணி 6.37.

எனக்கு முன்னால் ஒரு வரி இருந்தது.

‘4. 6.35. வந்தது.’

பெயர் இல்லை. என் வீட்டில் அப்போது நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

திரும்பிப் பார்க்காமல் வாசல் வரைக்கும் நடந்து, தெருவில் போய் நின்றேன். அவ்வளவுதான் என் வீரம்.

மறுநாளைக்குள் பதினொரு வரிகள் வந்துவிட்டன. பதினொன்றும் ‘வந்தது’. ஒருவரும் தன் கையால் எழுதவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு 2.52 வரவே இல்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அஸாரோடு பேசாமல் நான்கு நாள் இருந்தேன், பிறகு மனம் கேட்கவில்லை, போனேன். அவன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் டீ வைத்துவிட்டுப் போனார். மகன்மேல் கோபம் என்று நினைத்தேன்.

ஜூலையில் அவர் இத்தா முடிந்தது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். குளித்து, தொழுது, வெளியே வந்து மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அன்னிக்குக் கரண்டு போவல,” என்றார்.

அஸார் நிமிர்ந்தான்.

“நான் மாடித் தொட்டிக்குத் தண்ணி மோட்டார் போட்டு வுட்டுட்டுதான் துணி காயப்போட்டேன். மோட்டார் நிக்கவே இல்ல. கரண்டு எங்க போச்சு?” புடவை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். “கீழ வந்தா, பாக்ஸு பிளக்கு தரையில கெடந்துச்சு. நான்தான் எடுத்துத் திரும்பச் செருகுனேன். மெஷினு ஓடுச்சு. அவருதான் எந்திரிக்கல. காலையில பெருக்கும்போது தொடப்பம் பட்டு லூசாயிருக்கும், அப்புறமா வுழுந்திருக்கும்னு நெனச்சேன். நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன்டா. ஒங்கிட்ட எப்புடிச் சொல்லுவேன்?”

ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஆளுக்கொரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், அவன் ஒன்றரை மாதம், அவர் நான்கு மாதம். எனக்கு அழுகை வந்தது.

அஸார் எழுந்து பீரோவிலிருந்து அத்தாவின் போனை எடுத்து வந்து சார்ஜில் போட்டான். ஏன் போட்டான் என்று நான் கேட்கவில்லை. உயிர் வரப் பத்து நிமிடம் பிடித்தது. மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தப் போனை யாரும் திறக்கவில்லை. திறந்ததும் எங்கள் பக்கம்தான் இருந்தது.

திங்கட்கிழமை அனைஸ் போட்ட கேள்வி. ‘யாராவது பிளக்கைப் புடுங்கிப் பார்த்தீங்களா?’

அதற்குக் கீழே, பதில் எழுதும் கட்டத்தில், அனுப்பாமல் பாதியில் நின்ற ஒரு வரி.

‘நான் பார்த்தேன்மா. 1. 2.52. வரவில்’

அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினான். இரண்டாம் தடவை படிக்கும்போது அவனுக்குக் குரல் உடைந்தது.